வதனி நம்பாத மீன்கள்

கோடையில் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை வேகிற டெக்ஸாஸில் வீடு வாங்கிவிட்டு, குளிரில் நடுங்குவதற்கென்றே ஒவ்வொரு வருடமும் காசு கொடுத்து விமானம் ஏறுகிற ஒருவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். என் சிநேகிதன் ஜனார்த்தனன்தான் அவன். அலனில் வீடு, ரிச்சர்ட்சனில் வேலை, பெப்ரவரி வந்தால் மினசோட்டாவின் வடகோடியில் ஒரு ஏரி.

ஏரி என்று சொன்னால் நம்மவர்கள் குளத்தை நினைத்துக்கொள்வார்கள். அது கடல். மறுகரை தெரியாது, பாதி கனடாவுக்குச் சொந்தம். மாரியில் முழுவதும் உறைந்து, மேலே வாகனம் ஓடும் அளவுக்குத் தடித்துவிடும். அந்தப் பனிக்கட்டியில் மெஷினால் துளை போட்டு, துளைக்குள் தூண்டிலை இறக்கிவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருப்பான். அவன் தேடுகிற மீனுக்குப் பெயர் லேக் ட்ரவுட். குளிர்ந்த ஆழத்தில் மெல்ல மெல்ல வளர்கிற மீன். அது பெரிய மீனாவதற்குள் ஒரு மனிதனுக்கு வழுக்கை விழுந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குருநகரில் கடற்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். அல்பிரட் என்ற என் பெயரைக் கேட்டதுமே, கரையோரத்துக் கத்தோலிக்கன் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளங்கிவிடும். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பார்கள். இந்த மீன் குஞ்சுக்குத் தண்ணீரைக் கண்டாலே எரிச்சல். ஜனா இணுவில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, மீனைச் சந்தையில் மட்டும் கண்டவன். மினசோட்டாவில் மாஸ்டர்ஸ் படிக்கும்போது யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெடியன் அவனை அந்த ஏரிக்கு அழைத்துப் போனான். அன்றோடு சரி, ஜனா எங்கள் கைவிட்டுப் போய்விட்டான்.

வருடா வருடம் போவான், வருடா வருடம் வெறுங்கையோடு வருவான். கேட்டால், "பிடிச்சனான் மச்சான், விட்டிட்டன்" என்பான். பெரிய மீனெல்லாம் வயது போன தாய் மீன்களாம். அவற்றைக் கொன்றால் ஏரிக்கே கேடாம். அதனால் அளவெடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்களாம். நம்மவர்களில் யாராவது பிடித்த மீனைத் திரும்ப விட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வெறுங்கையோடு வருகிறவன் மீன் பிடிக்கவில்லை. அது குருநகரிலும் சட்டம், அலனிலும் சட்டம்.

அவன் மனைவி வதனி இதை ஒரு நாளும் நம்பவில்லை. ஃபோனில் படம் காட்டினால், "போட்டோவுக்கு ஆரின்ரை மீனையும் தூக்கிப் பிடிக்கலாம்" என்பாள். பிறந்தநாள், பொங்கல் என்று நாலு குடும்பம் சேர்ந்தால் அவளே தொடங்கிவிடுவாள்.

"இவர் பிடிக்கிற மீனுக்கெல்லாம் கிரீன் கார்ட் குடுத்து அனுப்பிப்போட்டு வாறவர். கேட்டுப் பாருங்கோவன்."

வீடே சிரிக்கும். ஜனாவும் சிரிப்பான். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அவன்மேல் உயிர். அவனுக்குச் சாப்பாடு பிந்தினால் ஆபீசுக்கே ஃபோன் எடுப்பாள். யாழ்ப்பாணத்தார் அன்பை நக்கலாகத்தான் பரிமாறுவார்கள்.

இந்த வருடம் அவன் புறப்படுவதற்கு முன் வதனி என்னைக் கூப்பிட்டாள்.

"அல்பிரட் அண்ணா, இந்த முறை நீங்களும் ஒருக்கா இவரோடை போங்கோ. பிரஷர் கூடிக் கிடக்கு. டாக்டர் குளிருக்குள்ளை போக வேண்டாம் எண்டவர், இவர் கேக்கிற மாதிரி இல்லை. தனிய விடப் பயமாக் கிடக்கண்ணா."

நான் திட்டிக்கொண்டேதான் போனேன். விமானத்தில் திட்டினேன், இரவல் வாங்கிய தடித்த உடுப்புக்குள் கால் நுழையாதபோது திட்டினேன். ஜனா பள்ளிச் சுற்றுலா போகிற பெடியனைப்போல இருந்தான்.

அங்கே வழிகாட்டி கேர்ட் என்பவன். சிவந்த தாடி, ஓயாத வாய். முதல் நாள் மாலை சூப்பைக் குடித்துக்கொண்டு அவன்தான் சொன்னான், இத்தனை வருடமாக இங்கே வருகிறவர்களில் உன் சிநேகிதனைப்போல மீனை மென்மையாகத் திரும்ப விடுகிறவன் இல்லை என்று. சென்ற வருடம் விட்ட மீன் கேர்ட்டின் தொடையளவு இருந்ததாம். நான் ஜனாவைப் பார்த்தேன். அவன் பெருமைப்படவில்லை, கொஞ்சம் வெட்கப்பட்டான்.

"அப்ப உண்மைதானோடா?"

"நான் எப்ப மச்சான் பொய் சொன்னனான்?"

"வதனியிட்டைச் சொல்லன், கேர்ட்டோடை கதைக்கச் சொல்லி."

"அவள் கேர்ட்டையும் நம்பமாட்டாள். காசு குடுத்துச் சொல்லுவிச்சனான் எண்டுவாள்," என்று சிரித்தான். பிறகு, சிரிப்பை விட்டுவிட்டு, "சனத்துக்கு முன்னாலை சொல்லேக்கைதான் மச்சான் ஒரு மாதிரிக் கிடக்கும்" என்றான். எத்தனையோ வருடச் சிரிப்பில் அவன் அப்படிச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் பனிவண்டியில் நெடுந்தூரம் போனோம். கேர்ட் துளை போட்டான். அதன்மேல் சிறிய கூடாரம், உள்ளே காஸ் அடுப்பு. ஆழத்தில் மீன் வந்தால் கோடாகக் காட்டுகிற ஒரு சிறிய திரை. ஜனா தூண்டிலை ஆழத்துக்கு இறக்கி, மெல்ல மேலே இழுப்பதும் விடுவதுமாக இருந்தான். நான் தேநீரும் முறைப்பாடுமாக இருந்தேன். மத்தியானம் வரை ஒன்றுமில்லை.

பிறகு திரையில் ஒரு தடித்த கோடு எழும்பியது. ஜனா தூண்டிலை அதைவிட வேகமாக மேலே இழுத்தான். தப்பி ஓடுகிற இரையைத்தான் அந்த மீன் துரத்துமாம். தடி வளைந்தது. வளைந்தது என்றால், முனை துளைக்குள்ளேயே போய்விட்டது. கேர்ட் எழுந்து நின்று வாயை மூடிக்கொண்டான். அப்போதே எனக்கு இது சாதாரண மீனில்லை என்று தெரிந்துவிட்டது.

இழுபறி முடியவே இல்லை. மேலே கொண்டுவருவான், அது திரும்ப ஆழத்துக்கு ஓடிவிடும். முழங்காலில் நின்று இழுத்தவன் இடையில் ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தடவினான். முகத்தில் அந்தக் குளிரிலும் வியர்வை.

"என்னடா செய்யுது?"

"ஒண்டுமில்லை, வாயு. காலமை திண்ட சொசேஜ்."

எங்கள் ஆட்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் வாயுதான். இஞ்சியைத் தட்டிக் குடித்தால் போய்விடும் என்பார்கள். போகாதபோது ஆம்புலன்ஸுக்குச் சொல்வார்கள். தடியைக் கேர்ட்டிடம் கொடுக்கச் சொல்லிக் கத்தினேன். கேர்ட்டும் கையை நீட்டினான். ஜனா தலையை ஆட்டி மறுத்தான். தடியைப் பறிக்கப் போன என்னை முழங்கையால் தள்ளினான். அவன் என்னைத் தள்ளியது எங்கள் நட்பில் அதுதான் முதல் தடவை.

துளையில் தலை தெரிந்தது. கேர்ட் தோள்வரை கையை விட்டுச் செவுளைப் பிடித்துத் தூக்கினான். துளை கொள்ளாமல் வந்தது அந்த மீன். சாம்பல் உடம்பு, முழுக்க வெள்ளைப் புள்ளிகள், குழந்தைத் தொட்டிலை நிறைக்கிற நீளம். முப்பது றாத்தலுக்கு மேலே இருக்கும், வயதும் முப்பது நாற்பது இருக்கலாம் என்றான் கேர்ட். நாங்கள் இரண்டு பேரும் சண்டைக்குள் ஊரைவிட்டு ஓடிவந்த காலத்தில் அது குஞ்சாக இந்தத் தண்ணீரில் திரிந்திருக்கும்.

வெளியே வைத்தால் செவுள் உறைந்துவிடும், சீக்கிரம் படமெடுத்துவிட்டு விடு என்று கேர்ட் அவசரப்படுத்தினான். ஜனா மீனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் சிரித்தான்.

"இதை விடேல்லை மச்சான். இந்த ஒண்டைக் கொண்டு போறன். வதனி இனி நம்புவாள்."

அவ்வளவுதான். அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தான்.

கேர்ட்டும் நானும் மாறி மாறி அவன் நெஞ்சை அமுக்கினோம். கேர்ட் ரேடியோவில் கத்தினான். உதவி வந்து சேர்ந்தபோது என் கைகளுக்கு உணர்ச்சி இல்லை, அவனுக்கு உயிர் இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் மீன் வாலை அடித்துக்கொண்டிருந்ததை நான் காதால் கேட்டேன். எப்போது நின்றதென்று தெரியாது. அவனை ஏற்றியபிறகு கேர்ட் அழுதுகொண்டே, விறைத்துக் கிடந்த மீனைக் காட்டி என்ன செய்வது என்று கேட்டான். ஏற்று என்றேன். கொண்டு போறன் என்று சொன்னானே, அது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது.

உடல் அதிகாரிகளின் கையைவிட்டு வரும்வரை அங்கேயே கிடந்தேன். பிறகு அவன் சரக்காக ஒரு விமானத்தில் வந்தான், நான் இன்னொன்றில் வந்தேன், மீன் ஐஸ்பெட்டிக்குள் என் பெயரில் வந்தது. பெட்டியைத் திறந்து சோதித்த விமானநிலையப் பெண், "அருமையான பயணம்போல!" என்று வாழ்த்தினாள். நான் நன்றி சொன்னேன். சொல்லாமல் வேறென்ன செய்வது?

ஆகாயத்தில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது. வதனி கேட்பாள். கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்காத மனைவி உண்டா? நான் உள்ளதைச் சொன்னால், நெஞ்சு வலித்தபோதும் அவன் ஏன் தடியை விடவில்லை என்பது அவளுக்கு விளங்கிவிடும். அவளுடைய பகிடிதான் அவனை அந்தத் துளையின் ஓரத்தில் பிடித்து வைத்தது என்று நினைப்பாள். ஒரு நாள் இரண்டு நாளல்ல, சாகும்வரை நினைப்பாள்.

தகனத்தன்று அவள் எதுவும் கேட்கவில்லை. ஐஸ்பெட்டி என் வீட்டு கராஜில் ஃபிரீசருக்குள் இருந்தது. அதை நான் இரகசியமாகவே வைத்திருப்பேன், என் மனைவி ஒரு வார்த்தை விட்டிருக்காவிட்டால். அது டொரொன்டோவில் இருந்து வந்திருந்த ஜனாவின் அக்கா ராஜராணியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

யாழ்ப்பாணத்துச் சைவக்காரருக்குச் செத்தவீட்டில் எட்டு என்று ஒரு சடங்கு உண்டு. எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்த மீன், இறைச்சி எல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் படைத்து, விளக்கேற்றி, அறைக்கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்று நம்பிக்கை. பிறகு மற்றவர்கள் சாப்பிடுவார்கள்.

"தம்பி ஆசைப்பட்டுப் பிடிச்ச மீன்," என்றா ராஜராணி அக்கா. "எட்டுக்கு அதைத்தான் காய்ச்சோணும். ஆசை தீராமல் போனால் ஆத்மா சுத்திக்கொண்டு திரியும்."

அவன் மகள் நிலக்சி ரிச்சர்ட்சனில் யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். "மாமி, ஹி நெவர் ஏட் தெம்," என்றாள். "ஹி லெட் தெம் கோ. ஆல்வேஸ்."

"உனக்கென்ன தெரியும், குழந்தைப்பிள்ளை."

வதனி இரண்டு பேரையும் பார்க்கவில்லை. "கொண்டு வாங்கோ அண்ணா," என்றாள் என்னிடம். "பாப்பம்."

எட்டன்று காலையில் மீனைக் கொண்டுபோனேன். இரவே எடுத்து வைத்ததால் இளகியிருந்தது. அலன் வீட்டுச் சமையலறை மேசையில் பிளாஸ்டிக் விரித்துக் குறுக்காக வைத்தபோது பேசிக்கொண்டிருந்த பெண்கள் சுற்றிவரக் கூடிவிட்டார்கள். தலை ஒரு முனையில் தொங்க, வால் மறுமுனையில் தொங்கியது.

"நீரே வெட்டும் அல்பிரட்," என்றா ராஜராணி அக்கா. "உங்கடை ஆக்களுக்குத்தானே உது வடிவாத் தெரியும்."

எங்கள் ஆட்கள். நாற்பது வருடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்தாலும் அந்தச் சாதிப் பேச்சு போகாது. வேறு நாளென்றால் அவவுக்கு நல்ல பதில் வைத்திருப்பேன். அன்று கத்தியை எடுத்தேன்.

மற்றவர்கள் மரக்கறி நறுக்கப் பின்கட்டுக்குப் போய்விட்டார்கள். வதனி மட்டும் கையில் சட்டியோடு பக்கத்தில் நின்றாள். மீனின் முதுகில் ஒரு விரலை வைத்து, தலையிலிருந்து வால்வரை மெல்லத் தடவிக்கொண்டு போனாள்.

"இதை அவர்தான் பிடிச்சவரோ? உண்மையா?"

"ஓம் பிள்ளை. என்ரை கண்ணாலை பாத்தனான்."

"அப்ப மற்றதெல்லாம்? பிடிச்சு விட்டனான் எண்டு சொன்னதெல்லாம்?"

"எல்லாம் உண்மை. கேர்ட் சொன்னவன். அவனைப்போல விடுற ஆள் அங்கை இல்லையாம்."

அவள் கண் நிறைந்தது. தலையை ஆட்டிக்கொண்டாள். நான் கத்தியைச் செவுளில் வைத்தேன். அப்போதுதான் அவள் கேட்டாள். நான் ஆகாயத்தில் பயந்த கேள்வி அல்ல, அதைவிட மோசமானது.

"எல்லாத்தையும் விட்டவர், ஏன் அண்ணா இதை மட்டும் விடேல்லை?"

கணக்குப் பார்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம். ஒரு எண் இடறினால் கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குத் தானாகவே விடை வந்துவிட இன்னும் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அது அவள் முகத்தில் வந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"அவன் விடத்தான் சொன்னவன்," என்றேன். "கடைசியாச் சொன்னதே அதுதான். மச்சான், இதைத் தண்ணியிலை விடு எண்டு. நான்தான் விடேல்லை. இவ்வளவு பெரிய மீன், சனத்துக்குக் காட்டலாம் எண்டு நினைச்சு ஏத்திக்கொண்டு வந்திட்டன்."

வதனி சட்டியை மேசையில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"அவர் விடச் சொன்னவரோ?"

"ஓம்."

"அவர் சாகேக்கை சொன்னதை நீங்கள் கேக்கேல்லை."

"இல்லைப் பிள்ளை."

"நெஞ்சு நோகுதெண்டு சொன்னவரோ?"

"வாயு எண்டவன்."

"அதையும் விட்டிட்டு மீனைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "உங்களை நம்பித்தானே அண்ணா அனுப்பினனான்."

என்னிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. தடியைப் பறிக்கப் போனேன், தள்ளினான், கத்தினேன். அதில் ஒரு சொல் வெளியே வந்தாலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வந்துவிடும். அவன் ஏன் தள்ளினான் என்று கேட்பாள். அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அதையும் அவள் குற்ற உணர்ச்சி என்றே எடுத்துக்கொண்டிருப்பாள்.

"கையைக் கழுவிப்போட்டுப் போங்கோ, அண்ணா," என்றாள். "இதையும் கொண்டு போங்கோ. அவர் விடச் சொன்னதை நான் இலையிலை வைக்கமாட்டன்."

கழுவினேன். மீனைப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு கராஜ் வழியாக வெளியே வந்தேன். பிறந்த குழந்தையைப் பார்க்கவும், புதுவீடு பால் காய்ச்சவும், வருடப் பிறப்புக்குக் கைவிசேஷக் காசு வாங்கவும் நான் போய்வந்த வீடு. இனி அந்த வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு போவது? முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வாங்கோ என்று சொல்லக்கூட அவள் ஃபோன் எடுக்கமாட்டாள். எனக்கு ஜனாவை இழந்தது ஒரு சாவு, இது இன்னொன்று.

காரின் பின்கதவைத் திறந்து மீனை வைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறை யன்னல் வழியாக ராஜராணி அக்காவின் சத்தம் கேட்டது. எங்கே மீன், ஏன் அனுப்பினாய், தம்பியின் ஆசையல்லவா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தா.

அதற்கு வதனி பதில் சொன்னாள். நாலு சனத்துக்கு முன்னால், பின்கட்டில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, அழுகையும் பெருமையுமாகச் சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியாது மச்சாள். அவர் எவ்வளவு பெரிய மீனைப் பிடிச்சாலும் விட்டிடுவார். சாகேக்கையும் விடச் சொன்னவர். அப்பிடிப்பட்ட மனுசன் அவர்."

நம்பிவிட்டாளடா, ஜனா.